தோல் நிறமும் செயற்கைப் பெப்டைடுகளும்: ஆய்வகம் காட்டியது எவ்வளவு?

தோலின் நிறத்தை மாற்றித் தருவதாகச் சொல்லப்படும் பெப்டைடுகள் இன்று இரண்டு எதிரெதிர் ஆசைகளுக்கு விலைபோகின்றன. வெளுத்த தோல்காரர்கள் வெயிலில் கிடக்காமலே பழுப்பேறுவதற்காக வாங்குவது ஒரு வகை. கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளைப் பொடி, மேலே ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற சீட்டு. நம் பக்கம் வெளுப்பதற்காக வாங்குவது இன்னொரு வகை. சீரம் அல்லது கிரீம், பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் ‘நோனாபெப்டைடு’, ‘டெகாபெப்டைடு’ என்ற பெயர்கள். இரண்டு சரக்குக்கும் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. விற்பவர்கள் அவற்றை எடுத்துக் காட்டவும் செய்கிறார்கள். அந்த ஆய்வுகள் எதை நிரூபித்தன, எந்த இடத்தோடு நின்றுகொண்டன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் சங்கதி என்னவென்று சுருக்கமாக. மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்னும் நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினேஸ் நொதியின் உதவியால் மெலனினாக மாற்றி, சிறு பைகளில் அடைத்து, சுற்றியுள்ள தோல் செல்களுக்கு அவை வழங்குகின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. எவ்வளவு மெலனின் உண்டாகிறது, எந்த வகை, பைகள் எவ்வளவு பெரியவை என்பதில்தான் வேறுபாடு. கரும்பழுப்பான யூமெலனின் ஒரு வகை, செம்மஞ்சளான ஃபியோமெலனின் மற்றொரு வகை.

இந்தச் செல்களுக்கு வெளியிலிருந்து கட்டளை வருகிறது என்பது தவளைக் குஞ்சுகளால் தெரிய வந்தது. 1916இல் கலிஃபோர்னியாவில் பிலிப் ஸ்மித்தும் கான்சஸில் பென்னட் ஆலனும், ஒருவர் வேலையை ஒருவர் சாராமல், கருநிலையிலேயே பிட்யூட்டரிச் சுரப்பியின் மூலத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். கறுப்பாக நீந்த வேண்டியவை வெள்ளி நிறத்தில் நீந்தின. அந்தச் சுரப்பியில் உள்ள பொருள் எது என்பதற்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னரும் அவருடைய குழுவினரும் 1950களில் பன்றியின் பிட்யூட்டரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆல்ஃபா-எம்.எஸ்.எச். என்று பெயர். 13 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய பெப்டைடு. 1961இல் லெர்னரும் மக்கைரும் அதை மனிதர்களுக்கே செலுத்தி, தோல் கறுப்பதைக் காட்டினார்கள்.

அந்தக் காலத்து அளவீட்டு முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றுவரை தொடரும் ஒரு குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. தவளைத் தோலில் ஒரு துண்டை வெட்டி, வளையத்தில் இழுத்துப் பொருத்தி, உப்புக் கரைசலில் வைத்து, மேலே ஒளி பாய்ச்சுவார்கள். பெப்டைடைச் சேர்த்ததும் சில நிமிடங்களில் தோல் இருண்டு, திரும்பி வரும் ஒளி குறையும். அந்தக் குறைவே பெப்டைடின் வலிமைக்கு அளவு. ஆனால் தவளையின் செல்லில் அப்போது புதிதாக மெலனின் எதுவும் உண்டாவதில்லை. நடுவில் குவிந்திருந்த துகள்கள் செல் முழுதும் பரவுகின்றன, அவ்வளவுதான். மனிதத் தோலில் துகள் பரவி நிறம் மாறும் வேலை இல்லை. புதிய மெலனின் உண்டாகி மேலே ஏற நாட்கணக்கில் ஆகும். தவளையில் ஆயிரம் மடங்கு வலிமை என்றால் மனிதனிலும் அப்படியே என்று எண்ண இடமில்லை. தவளைத் தோல் மலிவான, கூர்மையான சல்லடை. சலித்ததை வேறு இடத்தில் மறுபடி சோதித்தாக வேண்டும்.

பெப்டைடுகளை விருப்பம்போல் கட்டிப் பார்க்கும் வசதியைத் தந்தவர் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் புரூஸ் மெரிஃபீல்ட். 1963இல் அவர் வெளியிட்ட முறையில், முதல் அமினோ அமிலத்தை நுண்ணிய பிசின் மணியில் ஒட்டிவிட்டு, அடுத்ததை அதன்மேல் சேர்த்து, மிச்சத்தைக் கழுவி, மறுபடி சேர்த்து, கடைசியில் சங்கிலியை மணியிலிருந்து அறுத்தெடுக்கலாம். 1984இல் இதற்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இது வந்த பிறகு, ‘ஏழாவது இடத்தில் இதை மாற்றினால் என்ன ஆகும்’ என்ற கேள்வியை மாதக்கணக்கில் காத்திராமல் கேட்டுப் பார்க்க முடிந்தது.

கேட்டுப் பார்த்தவர்கள் அரிசோனா பல்கலைக்கழகத்தின் விக்டர் ஹ்ரூபியும் மேக் ஹாட்லியும். இயற்கையான ஆல்ஃபா-எம்.எஸ்.எச். உடலில் நிமிடக்கணக்கில் சிதைந்துவிடும். அதிலுள்ள மெத்தியோனைன் ஆக்ஸிஜன் பட்டுக் கெடும். அதைக் காரத்தில் சூடாக்கினால் அதன் விளைவு நீளுகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. அந்தச் சூட்டில் சில அமினோ அமிலங்கள் தம் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்குத் திரும்பிக்கொள்கின்றன. அந்தத் துப்பைப் பின்பற்றி, நாலாவது இடத்து மெத்தியோனைனுக்குப் பதில் நார்லூசினையும், ஏழாவது இடத்தில் ஃபினைல்அலனைனின் பிம்ப வடிவத்தையும் வைத்தார்கள். 1980இல் வெளியான அந்தப் பெப்டைடு, கழுவி எடுத்த பிறகும் தவளைத் தோலை நெடுநேரம் கறுப்பாகவே வைத்திருந்தது. மெலனோட்டான் ஒன்று என்றும், பின்னாளில் அஃபாமெலனோடைடு என்றும் பெயர் பெற்றது அதுதான். கெடாமல் நிற்பதால், கதிரியக்க அயோடின் ஒட்டி ஏற்பிகளைத் தேடும் கருவியாகவும் ஆய்வகங்கள் அதை வைத்துக்கொண்டன. இந்தத் துறையில் செயற்கைப் பெப்டைடுகள் செய்த மிகப் பெரிய தொண்டு இதுதான் என்பது என் கணிப்பு. அவை நிறம் தந்ததைவிட அறிவு தந்தது அதிகம்.

அந்த அறிவும் நேர்கோட்டில் வந்துவிடவில்லை. மனித மெலனோசைட்டுகளைத் தட்டில் வளர்க்கும் வழி 1980களின் தொடக்கத்தில் கிடைத்ததும், பலர் அவற்றின்மேல் ஆல்ஃபா-எம்.எஸ்.எச். ஊற்றிப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மனிதச் செல்லுக்கு இந்த ஹார்மோன் முக்கியமே இல்லை என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் நிலவியது. கோளாறு வளர்ப்புக் கரைசலில் இருந்தது. செல்கள் பெருகுவதற்காக அதில் காலரா நச்சு சேர்ப்பது வழக்கம். அது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறை உச்சத்துக்கு ஏற்றிவிடும். எம்.எஸ்.எச். வேலை செய்வதும் அதே மூலக்கூறு வழியாகத்தான். உலை தளதளவென்று கொதிக்கும்போது இன்னொரு விறகைச் செருகிவிட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்ன கதை அது. சின்சினாட்டியின் ஜல்ஃபா அப்தெல்-மாலிக் குழு அந்தச் சேர்மானங்களைத் தவிர்த்த கரைசலில் சோதித்து, மனித மெலனோசைட் இந்த ஹார்மோனுக்கு நன்றாகவே பதில் சொல்கிறது, மெலனினும் கூடுகிறது, செல்லும் பெருகுகிறது என்று 1995இல் காட்டியது. பின்னர் அதே குழு, புற ஊதாக் கதிரால் டிஎன்ஏவுக்கு ஏற்படும் சேதத்தையும் இது குறைக்கிறது என்று கண்டது. பாதுகாப்பு என்பது கறுப்பதனால் மட்டும் வருவதில்லை என்பதற்கு அது முதல் நல்ல சான்று.

இதற்கிடையில் 1992இல் இந்த ஹார்மோன் வந்து அமரும் ஏற்பியின் மரபணுவை ஓரிகனில் ரோஜர் கோன் குழுவும், ஸ்வீடனில் சஜலானியும் விக்பெர்க்கும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். எம்சி1ஆர் என்று அதற்குப் பெயர். 1995இல் செம்பட்டை முடியும் வெளுத்த தோலும் கொண்டவர்களில் இந்த மரபணு மாறியிருப்பதைப் பிரிட்டனின் ஜொனாதன் ரீஸ் குழு காட்டியது. வழி தெளிவானது. ஏற்பியில் பெப்டைடு அமர்ந்தால் சைக்ளிக் ஏஎம்பி கூடும். அது எம்ஐடிஎஃப் என்ற மரபணு ஆளுநரை எழுப்பும். அது டைரோசினேஸை உண்டாக்கும். ஏற்பி பலவீனமானால் செல் யூமெலனினை விட்டு ஃபியோமெலனின் பக்கம் சாயும்.

நான் இதுவரை ஓர் ஏற்பியைப் பற்றி மட்டும் சொன்னேன். உண்மையில் ஐந்து இருக்கின்றன. ஒன்று தோலில், இரண்டாவது அட்ரினல் சுரப்பியில், மூன்றும் நாலும் முதன்மையாக மூளையில், பசியையும் பாலுணர்வையும் தொட்டு நிற்கின்றன, ஐந்தாவது வெளிச்சுரப்பிகள் முதலிய இடங்களில். இரண்டாவதை விட்டால் மற்ற நான்கும் ஆல்ஃபா-எம்.எஸ்.எச்.க்குப் பதில் சொல்லும். ஹிஸ்டிடின், ஃபினைல்அலனைன், ஆர்ஜினின், டிரிப்டோஃபேன் என்ற நாலு அமினோ அமிலத் துண்டுதான் எல்லா இடத்திலும் சாவி. தோலுக்கென்று கட்டிய பெப்டைடு மூளைக் கதவையும் தட்டும் என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

அது எப்படித் தெரிந்தது என்பது இத்துறையின் பிரபலமான கதை. அரிசோனாக் குழு 1980களின் இறுதியில் சங்கிலியைச் சுருக்கி, வளையமாக முடிந்து, ஏழு அமினோ அமிலங்களில் மெலனோட்டான் இரண்டு என்பதைச் செய்தது. இன்னும் வீரியமானது, இன்னும் சிறியது. ஹாட்லி தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டார்; உத்தேசித்ததைப் போல் இரு மடங்கு ஏறிவிட்டது. வாந்தி ஒரு பக்கம், எட்டு மணி நேரம் தணியாத குறி விறைப்பு இன்னொரு பக்கம். அவரே இதைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். 1996இல் வெளியான முதல் மனிதச் சோதனையில் பங்கேற்றவர்கள் மூன்றே ஆண்கள். அவர்களிடமும் பழுப்போடு குமட்டலும் விறைப்பும் பதிவாயின. தோல் பெப்டைடு அத்தோடு தடம் மாறியது. அதிலிருந்து பிறந்த பிரெமெலனோடைடு, மாதவிடாய் நிற்காத பெண்களின் பாலுணர்வுக் குறைபாட்டுக்கு 2019இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதே குடும்பத்துச் செட்மெலனோடைடு, அரிய மரபணுக் குறையால் வரும் உடற்பருமனுக்கு 2020இல் ஒப்புதல் பெற்றது. பருமனுக்காக அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு மேனி கறுக்கிறது. மருந்துச் சீட்டில் அது பக்கவிளைவு என்று அச்சாகியிருக்கிறது. 2021இல் உறைகுளிர் மின்நுண்ணோக்கியில் முதல் ஏற்பியின் உருவமே கிடைத்துவிட்டது. பெப்டைடு அமர்வதற்குக் கால்சியம் அயனி ஒன்று துணை நிற்பதும் தெரிகிறது. தோலுக்கு மட்டும் என்று கறாராகப் பொருந்தும் பெப்டைடு இனி எளிதாகலாம்.

மூத்த மெலனோட்டானின் பயணம் நிதானமானது. வெயிலில் பழுப்பேற விரும்புவோரை விட்டுவிட்டு, வெயிலே வலியாக இருப்பவர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. எரித்ரோபொயட்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோயில், இரத்தச் சிவப்பு உண்டாகும் பாதையின் கடைசி நொதி குறைபட்டு, புரோட்டோபோர்ஃபிரின் தேங்கும். வெளிச்சம் பட்டால் தோலுக்குள் அது நெருப்பாகும். சில நிமிட வெயில், பிறகு சில நாள் வலி. ஆஸ்திரேலிய நிறுவனமான கிளினுவெல், 16 மில்லிகிராம் அஃபாமெலனோடைடை மெல்லக் கரையும் குச்சியில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்புப் பக்கத் தோலடியில் செருகும் முறையை உருவாக்கியது. குச்சியின் நீளம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2015இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், ஆறு மாதத்தில் வலியின்றி வெயிலில் நின்ற நேரத்தின் இடைநிலை அளவு மருந்து பெற்றவர்களுக்கு 69.4 மணி, வெற்றுக் குச்சி பெற்றவர்களுக்கு 40.8 மணி. ஐரோப்பியச் சோதனையில் ஒன்பது மாதத்தில் 6 மணியும் 0.8 மணியும். வெளியே தெரிவதற்குச் சிறிய எண்கள். பகலெல்லாம் திரைச்சீலைக்குப் பின்னால் வளர்ந்தவருக்கு அவை சிறியவை அல்ல. 2014இல் ஐரோப்பாவும் 2019இல் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன.

நம்மவருக்கு இதைவிட நெருக்கமான கேள்வி வெண்புள்ளி. அங்கே பிரச்சினை வேறு. உடலின் எதிர்ப்பு சக்தியே மெலனோசைட்டுகளை அழித்துவிடுகிறது. ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டிப் பயனில்லை. மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கும் மூலச் செல்கள் புறப்பட்டு வர வேண்டும். அதற்குக் குறுகிய அலைவரிசைப் புற ஊதா ‘பி’ ஒளிச் சிகிச்சை பழகிய வழி. 2015இல் வெளியான 55 பேர் சோதனையில், ஒளிச் சிகிச்சையோடு அஃபாமெலனோடைடும் பெற்றவர்களுக்கு 168ஆம் நாளில் ஏறத்தாழ 49 சதவீத நிறமீட்பு. ஒளி மட்டும் பெற்றவர்களுக்கு 33 சதவீதம். கறுத்த தோலினருக்குப் பலன் கூடுதல் என்பது நமக்கு நல்ல சேதி. ஆனால் சுற்றியுள்ள நல்ல தோலும் கூடவே கறுப்பதால் இடைக்காலத்தில் புள்ளி இன்னும் பளிச்சென்று தெரியும் என்பதையும் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். இந்தியச் சந்தையில் வேறொரு பெப்டைடும் இருக்கிறது. நிறமிச் செல்லைப் பெருகச் செய்யும் நார்ச்செல் வளர்ச்சிக் காரணியின் சாயலில் செய்த, பத்து அமினோ அமில லோஷன். தோல் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். எம்.எஸ்.எச். பாதையைத் தொடாத இதற்குக் கோட்பாட்டு நியாயம் உண்டு. பல நாடுகளில் பெரிய அளவில் சோதித்த சான்று என்று அஃபாமெலனோடைடுக்கு இணையாக வைக்க முடியாது.

இனி வெளுப்பாக்கும் கூட்டத்துக்கு வருவோம். இங்கேதான் ஆய்வகத்துக்கும் அலமாரிக்கும் இடையில் பள்ளம் ஆழமாகிறது. 1994இல் யேலில் ஜயவிக்ரம, மைக்கேல் லெர்னர் முதலானோர், ஆயிரக்கணக்கான பெப்டைடுகளை ஒரே சமயத்தில் செய்து, தவளையின் நிறமிச் செல்கள்மேல் பரப்பி, எது எம்.எஸ்.எச்.ஐத் தடுக்கிறது என்று தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒன்பது அமினோ அமிலத் தடுப்பான்தான் இன்று அழகுப்பொருள் உலகில் ‘நோனாபெப்டைடு-1’ என்று உலவுகிறது. அருமையான ஆய்வு. ஆனால் அது தவளைச் செல்லில், துகள் நகர்வதை அளந்த ஆய்வு.

மற்றவை டைரோசினேஸையே நேராகத் தடுப்பவை. சோதனை எளிது. நொதியோடு எல்-டோபா சேர்த்தால் தெளிந்த கரைசல் செம்மஞ்சளாகும். தடுப்பான் இருந்தால் நிறம் தாமதிக்கும். கருவி 475 நானோமீட்டரில் எண்ணைப் படிக்கும். ஒரு மதியத்தில் பத்துப் பொருளைச் சோதித்துவிடலாம். நொதி எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள்: காளானிலிருந்து. பாட்டிலில் மலிவாகக் கிடைக்கிறது என்பதே அதற்குக் காரணம். மனித டைரோசினேஸின் அமைப்பு காளானுடையதிலிருந்து வெகுவாக விலகியது. ஹாம்பர்கின் பையர்ஸ்டோர்ஃப் நிறுவன ஆய்வாளர்கள் மனித நொதியையே செய்துவைத்து 50,000 சேர்மங்களைச் சலித்து 2018இல் முடிவை வெளியிட்டபோது, காளானில் பேர்பெற்ற கோஜிக் அமிலமும் ஆர்பியூட்டினும் மனித நொதியிடம் சோடை போயின. அவர்களுக்குக் கிடைத்த நல்ல தடுப்பான் பெப்டைடே அல்ல, சிறிய மூலக்கூறு.

அடுத்த தடை தோல்தான். ஆரோக்கியமான தோலின் மேலடுக்கு வழியாக 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நுழைவது கடினம் என்று போஸும் மெய்னார்டியும் 2000இல் தொகுத்துச் சொன்னார்கள். ஆல்ஃபா-எம்.எஸ்.எச். 1,665 டால்டன். மெலனோட்டான் இரண்டு 1,024. பத்து அமினோ அமிலம் கோத்தது எதுவானாலும் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கும். கறுக்கச் செய்யும் எம்.எஸ்.எச். வகைப் பெப்டைடை ஊசியாகவோ குச்சியாகவோதான் மருந்தாகப் போடுகிறார்கள். வெளுக்கச் செய்வது மட்டும் தடவினால் உள்ளே போகும் என்பதற்கு விற்பவர்தான் விடை சொல்ல வேண்டும். மனித டைரோசினேஸிலும் சோதிக்கப்பட்ட டெகாபெப்டைடு-12 இந்தக் கூட்டத்தில் மேலானது. அதற்கும், மங்கு படிந்த முகத்தில் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்றுக் கிரீமும் தடவிப் பார்த்த ஆரம்பச் சோதனையில் இருந்தவர்கள் ஐந்து பெண்கள். ஐந்து பேர் சோதனை அடுத்த சோதனைக்கு அனுமதிச் சீட்டு. அதையே ‘மருத்துவ ரீதியாக நிரூபணம்’ என்று பெட்டியில் அச்சிட்டால் அது கண்கட்டு.

குப்பிகளின் கதை இன்னும் மோசம். மெலனோட்டான் இரண்டு பழுப்பேற்றும் மருந்தாக எங்கும் ஒப்புதல் பெறவில்லை. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2008லேயே எச்சரித்தது. ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற சீட்டு, ஆய்வாளருக்கு உண்மையான தகவல். இணையக் கடைக்காரருக்குச் சட்டத்தை ஏய்க்கும் முகமூடி. ‘99 சதவீதத் தூய்மை’ என்ற வரியும் அப்படித்தான். அந்த எண், நிறப்பிரிகைக் கருவியில் தெரியும் பொருட்களுக்குள் பெப்டைடின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும். பொடியில் உள்ள தண்ணீர், தயாரிப்பில் ஒட்டிக்கொண்ட டிரைஃபுளுரோ அசிட்டேட் உப்பு எதுவும் அதில் சேராது. கிருமி இல்லை, பாக்டீரிய நச்சு இல்லை என்ற உறுதியும் கிடையாது. இணையத்தில் வாங்கிய குப்பிகளை அளந்து பார்த்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், 10 மில்லிகிராம் என்று சீட்டு ஒட்டியவற்றில் ஒன்றுகூட 9 மில்லிகிராமைத் தொடவில்லை. போட்டுக்கொண்டவர்களிடம் புதிய மச்சங்கள் தோன்றியதும், பழையவை கறுத்து உருமாறியதும், தணியாத விறைப்பும், தசைச் சிதைவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மெலனோமாப் புற்று வந்த சிலரும் அதில் உண்டு. அவர்களில் பலர் பழுப்பு விளக்குப் படுக்கைகளையும் பயன்படுத்தியவர்கள். பெப்டைடுதான் காரணம் என்று அறுதியிட முடியாது. இல்லை என்று சொல்லும் சோதனையும் நடக்கவில்லை.

பெப்டைடைத் தாண்டியும் ஆய்வு போய்க்கொண்டிருக்கிறது. டேவிட் ஃபிஷர் குழு, ஏற்பி பழுதான எலிகளின் தோலில் ஃபோர்ஸ்கோலின் தடவி, ஏற்பியை ஒதுக்கிவிட்டு நேரே சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்திக் கறுக்க வைக்கலாம் என்று 2006இல் காட்டியது. 2017இல் அதே பாதையின் இன்னும் கீழே ஒரு நொதியைத் தடுக்கும் சிறிய மூலக்கூறுகளை மனிதத் தோல் துண்டுகளில் தடவி வெற்றி கண்டது. தோலுக்குள் நுழையும் அளவுக்குச் சிறியவையாக அவற்றைத் திட்டமிட்டே செதுக்கினார்கள். தடவும் மருந்து என்று ஒன்று வந்தால் அந்தத் திசையிலிருந்து வரவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். பெப்டைடுகள் ஆய்வு மேசையிலும், குச்சி வடிவில் சில நோயாளிகளிடமும் தம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. பெப்டைடு சீரம் வாங்கக் கை நீளும்போது, சோதனை காளான் நொதியிலா மனித நொதியிலா, எத்தனை பேர் முகத்தில், யார் செலவில் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஸ்கிரீன் வாங்கலாம். மங்குக்கு முதல் மருந்தே அதுதான். குப்பி மருந்தை ஏற்கெனவே போட்டுக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், மச்சம் ஒன்று வளர்வதாகவோ நிறம் மாறுவதாகவோ தோன்றியவுடன் தோல் மருத்துவரிடம் போங்கள். என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.